ஆரஞ்சுப் பட்டும் கௌதாரி இறகும்: மென்மையான இறகு ஃபிளை கட்டத் தொடங்குவோருக்கு

ஒரு தூண்டில் முள்ளும், ஒரு முழம் பட்டு நூலும், ஒரே ஒரு கௌதாரி இறகும் கையில் இருந்தால் ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ என்ற ஃபிளையைக் கட்டிவிடலாம். டிரவுட் மீனை ஏமாற்றுவதற்காக முள்ளின் மேல் நூலாலும் இறகாலும் செய்யப்படும் செயற்கைப் பூச்சியைத்தான் ஃபிளை என்கிறோம். வடக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளில் வார்ஃப், யூர், நிட், ஸ்வேல் ஆகிய ஆறுகளின் கரையில் பல தலைமுறைகளாக உருவாகி வந்த ஒரு மரபின் மிக எளிய வடிவம் இது. அவை குளிர்ந்த, கற்கள் நிறைந்த, விரைந்தோடும் ஆறுகள். அந்தக் கற்களின் அடியில் வளரும் இளம்பூச்சிகள் சிறகு முளைக்கும் பருவத்தில் நீர்மட்டத்தை நோக்கி எழும்போது, பாதி வழியிலேயே டிரவுட் அவற்றைக் கவ்விக்கொள்ளும். அந்த எழும் பூச்சியின் கால்களும் விரியாத சிறகுகளும் நீரில் அசைவதைப் போல அசைந்து காட்டுவதே இந்த ஃபிளையின் வேலை.

யார்க்ஷயரில் வழங்கிவந்த ஃபிளைகளை 1885-இல் தொகுத்து வெளியிட்ட டி. இ. பிரிட் இதையும் அந்தத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். வட இங்கிலாந்தில் இவ்வகை ஃபிளைகளை ‘ஸ்பைடர்’ என்று அழைப்பார்கள். அமெரிக்காவில் சில்வெஸ்டர் நீம்ஸ் 1975-இல் எழுதத் தொடங்கிய பிறகு ‘சாஃப்ட் ஹேக்கிள்’ என்ற பெயர் பரவியது. முள்ளைச் சுற்றி விசிறி போல விரியும்படி கட்டப்படும் இறகுக்கு ஹேக்கிள் என்று பெயர்.

புதிதாகக் கற்பவர்கள் கட்டும் முறையில்தான் நுட்பம் முழுவதும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். கட்டுவது ஐந்து நிமிட வேலைதான். எந்த இறகை எடுக்கிறோம், அதில் எவ்வளவை முள்ளின் மேல் விடுகிறோம் என்ற இரண்டும்தான் ஃபிளையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் இறகைப் பற்றிய பகுதி நீளமாகவும் மற்றவை சுருக்கமாகவும் இருக்கும்.

இறகு ஏன் மென்மையாக இருக்க வேண்டும்

சேவலின் கழுத்து இறகு பளபளப்பானது. அதன் இழைகள் விறைப்பானவை. நீரை எளிதில் ஏற்காதவை. நீரின் மேல் மிதக்க வேண்டிய உலர் ஃபிளைகளுக்கு அதனால்தான் சேவல் இறகைப் பயன்படுத்துகிறார்கள். பெட்டைக் கோழி, கௌதாரி, காடை, உள்ளான் போன்றவற்றின் உடல் இறகுகள் அதற்கு நேர்மாறானவை. இவற்றின் ஒவ்வோர் இழையிலும் இன்னும் நுண்ணிய கிளையிழைகள் அடர்ந்திருப்பதால் அவை நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. இழை மெல்லியதாக இருப்பதால் சிறு ஓட்டத்துக்கும் வளைந்து நிமிர்கின்றன. ஓட்டம் வேகமாக இருக்கும்போது இழைகள் உடலோடு ஒட்டி மடங்கும். ஓட்டம் தணிந்தவுடன் மறுபடி விரியும். இந்த மடங்கி விரிதல்தான் மீனுக்கு உயிருள்ள பூச்சியாகத் தெரிகிறது.

நல்ல இறகா என்று அறிய ஒரு சோதனை உண்டு. இறகின் நுனியைப் பிடித்துக்கொண்டு இழைகளை அடிப்பக்கம் நோக்கி விரலால் நீவி விடுங்கள். பிறகு ஈரமாக்கி, ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் மெல்ல அசையுங்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டையாக நகர்ந்தால் அந்த இறகு இதற்கு ஆகாது. தனித்தனியாகப் பிரிந்து, கை நின்ற பிறகும் ஒரு கணம் அசைந்துகொண்டிருந்தால் அதை எடுத்து வையுங்கள்.

எந்தப் பறவை, எங்கிருந்து

இந்த ஃபிளைக்கு உரியது ஐரோப்பாவின் சாம்பல் கௌதாரி. நம் ஊர்க் காடுகளில் திரியும் கௌதாரியின் உறவுப் பறவைதான், ஆனால் வேறு இனம். அதன் முதுகில் பழுப்பு நிறத்தில் நுண்ணிய வரிகள் ஓடும் இறகுகளும், மார்பில் சாம்பல் நிறத்தில் மெல்லிய நெளிகோடுகள் கொண்ட இறகுகளும் உள்ளன. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சுக்கு முதுகின் பழுப்பு இறகே வழக்கம். பிரிட்டனில் இந்தப் பறவையை வேட்டையாடும் பருவம் செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை நீடிக்கிறது. உணவுக்காக எடுக்கப்படும் பறவையின் தோல்தான் ஃபிளை கட்டுவோரிடம் வந்து சேர்கிறது. 1970-களிலிருந்து அங்கே இதன் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்துவிட்டது என்பதால் ஓர் இறகையும் வீணாக்காமல் பயன்படுத்துவது நம் கடமை என்றே கருதுகிறேன். முழுத் தோலாக வாங்கினால் பல அளவுகளில் இறகு கிடைக்கும். சிறு பொட்டலங்களில் வருபவை பெரும்பாலும் ஒரே அளவில், அதுவும் தேவைக்கு மீறிப் பெரியவையாக இருக்கின்றன.

சட்டத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின்படி, பெரும்பாலான காட்டுப் பறவைகளின் இறகைத் தரையில் கிடந்து எடுத்தாலும் வைத்திருக்க முடியாது. மைனாவின் உறவுப் பறவையான ஸ்டார்லிங், மாடப்புறா, வீட்டுச் சிட்டுக்குருவி ஆகியவை அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவை என்பதால் அந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. அவற்றின் தோலையும் இறகையும் வைத்து வணிகம் செய்வதும் குற்றமாகும். நம் கௌதாரியும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியும் இதில் அடங்கும். அந்தக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள் புள்ளிகளுடன் இருக்கும் இறகுக்காக விக்டோரியா காலத்து சால்மன் ஃபிளைக்காரர்கள் பெரும் விலை கொடுத்தார்கள். இன்று ஐரோப்பியச் சந்தையில் கிடைப்பவை கூண்டில் வளர்க்கப்பட்ட பறவைகளின் இறகுகள். காட்டிலிருந்து எடுத்ததாகத் தெரிந்தால் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பழக விரும்புவோர் பண்ணைப் பறவைகளை நாடலாம். பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடையின் உடல் இறகில் பழுப்பு வரிகள் அழகாக அமைந்திருக்கின்றன, இழையும் மென்மையானது, நீளம் மட்டும் குறைவு என்பதால் சிறிய முட்களுக்குப் பொருந்தும். நாட்டுப் பெட்டைக் கோழியின் கழுத்து, தோள் இறகுகள் மிக நல்லவை. கினிக்கோழியின் வெண்புள்ளி இறகு பார்வைக்குக் கவர்ச்சியாக இருந்தாலும் இழை சற்று விறைப்பானது. அதை முதல் தேர்வாகக் கொள்ள வேண்டாம்.

இறகைப் பதப்படுத்துவதைச் சோம்பலால் தள்ளிப்போடக் கூடாது. பண்ணையிலிருந்து கொண்டுவந்த இறகுகளை முதலில் மென்மையான சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, பலமுறை அலசி, நிழலில் உலர்த்துங்கள். கையுறை அணிந்துகொள்வது நல்லது. பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் வெளியிலிருந்து இறகு எடுப்பதையே தவிர்த்துவிடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு காற்றுப் புகாத பையில் இட்டு, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் இறகு தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்களும் வண்டுகளும் மடியும். புதிதாக வந்த எந்த இறகையும் இப்படிச் செய்யாமல் பழைய சேமிப்போடு சேர்க்காதீர்கள். ஒரு பொட்டலத்தில் இருந்த முட்டைகள் ஒரு பெட்டி முழுவதையும் தூளாக்கிவிடும்.

முள், நூல், கருவிகள்

முதல் ஃபிளைக்கு 12-ஆம் எண் ஈர ஃபிளை (நீருக்குள் அமிழும் ஃபிளை) முள்ளை வாங்குங்கள். எண் கூடக்கூட முள் சிறிதாகும். 14, 16 ஆகியவற்றுக்குப் பிறகு போகலாம். கம்பி நடுத்தரத் தடிமனில் இருந்தால் ஃபிளை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

நூல் மெல்லிய பட்டாக இருக்க வேண்டும். பியர்சால் நிறுவனத்தின் காஸமர் பட்டு நூல்தான் நெடுங்காலம் இந்த மரபின் நூலாக இருந்தது. அதன் தயாரிப்பு நின்றுவிட்டதால் இப்போது வேறு நிறுவனங்களின் மெல்லிய பட்டையோ, பழைய கண்டுகளையோதான் தேடிப் பிடிக்க வேண்டும். பாலியஸ்டர் நூலிலும் கட்டலாம், மீனும் கிடைக்கும். ஆனாலும் பட்டையே வற்புறுத்துவேன். பட்டு நனைந்தவுடன் ஒளி ஊடுருவும் தன்மை பெறுகிறது; உலர்ந்திருக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சாக இருந்த உடல், அடியில் உள்ள முள்ளின் கருமை தெரிய, உயிருள்ள பூச்சியின் செம்பழுப்பாக மாறிவிடுகிறது. பாலியஸ்டரில் இந்த மாற்றம் வருவதில்லை.

நூலுக்குத் தேய்க்கச் சிறிது தேன்மெழுகு, முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறிய வைஸ், நூற்கண்டைத் தாங்கும் பாபின், கூரிய நுனியுடைய கத்தரிக்கோல், இறகின் அடியைக் கவ்வ ஒரு ஹேக்கிள் பிளையர், ஓர் ஊசி, கொஞ்சம் வார்னிஷ் இருந்தால் போதும். வார்னிஷுக்குப் பதில் நிறமற்ற நகப்பூச்சும் உதவும். தொடக்கத்திலேயே விலையுயர்ந்த வைஸ் வாங்க வேண்டியதில்லை. முள்ளை நழுவவிடாமல் பிடித்தால் அதுவே போதுமானது.

உடலைக் கட்டுதல்

இனி வரும் குறிப்புகள் வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் திசைகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிடித்த மீனை விட்டுவிடும் எண்ணம் இருந்தால், முள்ளின் முனைக்குப் பின்னே இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் இப்போதே அழுத்தித் தட்டையாக்குங்கள். அதில் முள் முறிந்தாலும் கட்டி முடித்த ஃபிளை வீணாகாது. பிறகு முள்ளின் வளைவை வைஸின் வாயில் பொருத்துங்கள்; தண்டு கிடைமட்டமாகவும், நூல் கோர்க்கும் காது உங்கள் வலப்புறமாகவும் இருக்க வேண்டும். விரலால் மெல்லத் தட்டினால் முள் நகரக் கூடாது.

பாபினிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்து, மெழுகின் மேல் இரண்டு முறை விரைவாகத் தேய்த்து எடுங்கள். மெழுகு ஏறிய நூல் முள்ளைப் பற்றிக்கொள்ளும். கை சற்றுத் தளர்ந்தாலும் அவிழாது. செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் கருமெழுகைத் தேய்ப்பது பழைய வழக்கம். அது நூலின் நிறத்தை ஆழமாக்கும். பளிச்சென்ற நிறம் வேண்டுவோர் தேன்மெழுகோடு நிற்கலாம்.

காதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நூலைத் தொடங்குங்கள். இந்த இரண்டு மில்லிமீட்டர் இடம் இறகுக்கும் தலைக்கும் உரியது; தொடக்கக்காரர்களின் ஃபிளைகளில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இந்த இடத்தை நூல் ஆக்கிரமித்துக்கொள்வதால்தான். நூலின் நுனியை இடக்கையில் பிடித்து, பாபினை முள்ளின் மேலாக உங்களிடமிருந்து அப்பால் கொண்டுபோய், அடியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டு சுற்றுக்குப் பிறகு வரும் நான்கைந்து சுற்றுகள் முன்னவற்றின் மேலேறி நுனியை அழுத்தட்டும். மிச்ச நுனியை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு சுற்றும் முந்தையதைத் தொட்டுக்கொண்டு, மேலேறாமல், வளைவை நோக்கிப் போக வேண்டும். சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறும். அவ்வப்போது பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சில முறை சுழற்றினால் முறுக்கு இறங்கி, நூல் தட்டையாகப் படியும். முள்ளின் முனைக்கு நேர் மேலே வந்ததும் நின்றுவிடுங்கள். வளைவு வரை போகும் ஆசை எல்லோருக்கும் வரும். யார்க்ஷயர் மரபின் அழகு உடல் குட்டையாக நிற்பதில்தான் இருக்கிறது. அங்கிருந்து அதேபோல ஒட்டிய சுற்றுகளாகத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வாருங்கள். இரண்டே அடுக்கு, அதற்கு மேல் வேண்டாம். இழைத்த பென்சில் போல வழவழப்பாகவும் ஒல்லியாகவும் உடல் அமைய வேண்டும்.

டிரவுட்டின் பல் பட்டால் பட்டு அறுந்துவிடும் என்று சிலர் மெல்லிய பொன்னிறக் கம்பியை உடலின் மேல் நான்கைந்து சுற்றாகச் சுருளவிடுகிறார்கள். அப்படிச் செய்ய விரும்பினால் வளைவை நோக்கிப் போகும்போதே கம்பியை நூலுக்கடியில் பிடித்துக்கொண்டு போய், திரும்பி வந்த பிறகு அதைச் சுற்றுங்கள்.

இறகைத் தேர்ந்து தயாரித்தல்

தோலின் முதுகுப் பகுதியிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி முள்ளின் அருகில் வைத்துப் பாருங்கள். இறகின் மொத்த நீளம் நமக்குப் பொருட்டல்ல. நடு நரம்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் இழையின் நீளமே கணக்கு. இழையை நரம்புக்குச் செங்குத்தாக விரித்துப் பிடித்து, கட்டப்போகும் இடத்திலிருந்து பின்னோக்கி அளந்தால், அதன் நுனி முள்ளின் வளைவை எட்ட வேண்டும். சற்றுத் தாண்டினாலும் குற்றமில்லை. வளைவைத் தாண்டி முள்ளின் பாதி நீளம் அளவுக்குத் தொங்கினால் மீன் இழையை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும்.

அடிப்பகுதியில் சாம்பல் நிறப் பஞ்சு போல இருக்கும் தூவியை முழுவதும் உரித்தெடுத்துவிடுங்கள். மிஞ்சி நிற்பது தெளிவான வரிகள் கொண்ட இழைகள் மட்டுமே. நுனியில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டரைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டு, மற்ற இழைகளை அடியை நோக்கி நீவுங்கள். இப்போது நுனியில் ஒரு சிறு முக்கோணமும், அதற்குக் கீழே இருபுறமும் செங்குத்தாக விரிந்த இழைகளும் இருக்கும். அந்த முக்கோணம்தான் முள்ளோடு கட்டப்படும் பிடி.

இழை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு பக்கத்தை முழுவதுமாக உரித்துவிடுவது என் பரிந்துரை. இறகின் பளபளப்பான மேற்பக்கம் உங்களைப் பார்க்க, நுனி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்தால், உரிக்க வேண்டியது இடப்பக்க இழைகளை. வலப்பக்கத்து இழைகள் அப்படியே இருக்கட்டும். உரிக்கும்போது அடிநோக்கி மெல்ல இழுங்கள். கௌதாரி இறகின் நரம்பு நுனிப்பக்கம் தலைமுடி அளவே தடிமன் உள்ளது, வெடுக்கென்று இழுத்தால் முறிந்துவிடும். இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு ஒரே சுற்றில் முடிப்பதும் நல்ல வழிதான். பலர் அப்படியே கட்டுகிறார்கள்.

இறகைச் சுற்றி முடித்தல்

முக்கோண நுனியை உடல் முடியும் இடத்தில், முள்ளின் மேல் வைத்து மூன்று இறுக்கமான சுற்றுகளால் கட்டுங்கள். இறகின் பளபளப்பான பக்கம் காதைப் பார்க்க வேண்டும். குழிந்த, மங்கலான பக்கம் உடலைப் பார்க்க வேண்டும். இதை மாற்றிக் கட்டினால் இழைகள் முன்னோக்கிக் கவிந்துவிடும். காதுப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி மிச்சத்தை வெட்டிவிட்டு, நூலை ஒரு சுற்று காதை நோக்கி முன்னே நகர்த்தி வையுங்கள்.

இறகின் அடி நரம்பை ஹேக்கிள் பிளையரால் கவ்வி, மேல்நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தபடி, நூல் சென்ற அதே திசையில் முதல் சுற்றைப் போடுங்கள். இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து முள்ளைச் சுற்றி விரிவது தெரியும். அவற்றை இடக்கை விரல்களால் பின்னோக்கி நீவிவிட்டு, இரண்டாவது சுற்றை முதல் சுற்றுக்கு ஒட்டி முன்புறமாகப் போடுங்கள். ஒரு பக்கம் உரித்த இறகுக்கு இரண்டு சுற்று. உரிக்காததற்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. இறகு இன்னும் மிச்சமிருக்கிறதே என்ற காரணத்துக்காக மூன்றாவது சுற்றைப் போடாதீர்கள். மூன்றாவது சுற்று வந்தால் இழைகள் ஒன்றை ஒன்று தாங்கி நிமிர்ந்து நின்றுவிடும். மென்மையான இறகைத் தேடித் தேர்ந்ததன் பயன் அங்கேயே போய்விடும். முன்னிருந்து பார்க்கும்போது இழைகளை எண்ண முடிய வேண்டும். பன்னிரண்டு முதல் இருபது இழை இருந்தால் திருப்தி கொள்ளலாம்.

நரம்பை மூன்று சுற்று நூலால் கட்டி, பிளையரை விடுவித்து, மிச்ச நரம்பை வெட்டுங்கள். இழைகளை மூன்று விரல்களால் பின்னோக்கிச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு முன்னால் நான்கைந்து சுற்றுகளால் சிறிய தலை ஒன்றை அமையுங்கள். தலையை முடிக்க விப் ஃபினிஷ் என்ற முடிச்சு சிறந்தது: நூலை ஒரு வளையமாக்கி, அந்த வளையத்தின் ஒரு காலை நூலின் மேலேயே நான்கு முறை சுற்றி, பிறகு இழுத்து இறுக்குவது. அது கைக்கு வரும் வரை மூன்று அரைமுடிச்சுகளை அடுத்தடுத்துப் போட்டாலும் தாங்கும். நூலை வெட்டிய பின் ஊசி முனையில் ஒரே ஒரு துளி வார்னிஷ் எடுத்துத் தலையில் வையுங்கள். துளி பெரிதானால் அது இழைகளின் அடியில் ஊறி அவற்றை ஒட்டிவிடும்; காதை அடைத்துக்கொண்டால் ஆற்றங்கரையில் குளிர்ந்த விரல்களோடு தூண்டில் கயிற்றைக் கோர்க்கத் திண்டாட நேரிடும். வார்னிஷ் உலர்வதற்கு முன் காதுக்குள் ஊசியை ஒருமுறை விட்டு எடுங்கள்.

முடித்த ஃபிளையைச் சோதித்தல்

ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் ஃபிளையை அமிழ்த்தி, நூலில் கட்டி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இழைகள் எல்லாத் திசையிலும் சமமாகப் பிரிந்திருக்கின்றனவா, மேலெழும்போது உடலோடு ஒடுங்கி, நிற்கும்போது விரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் இறகின் நரம்பு சுற்றும்போது புரண்டிருக்கிறது. பிளையரை முள்ளுக்குச் செங்குத்தாகப் பிடித்தால் இது குறையும். உடலுக்கும் இறகுக்கும் இடையே வெற்று முள் தெரிந்தால் நுனியை முன்னே தள்ளிக் கட்டியிருக்கிறீர்கள். இழைகள் உடலோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால், அடுத்த ஃபிளையில் இறகுக்குச் சற்றுப் பின்னால் முயல் காது மயிரை நூலில் திரித்து இரண்டு சுற்று வையுங்கள். அந்தச் சிறு புடைப்பு இழைகளைத் தாங்கி நிறுத்தும்.

ஒரே அமர்வில் ஒரே வகையை, ஒரே அளவில் தொடர்ந்து கட்டுவதுதான் கை பழகுவதற்கு நல்ல வழி. வகை மாற்றிக்கொண்டே போனால் எது எதனால் தவறியது என்று தெரியாமல் போகும்.

16-ஆம் எண் முள்ளுக்கு ஏற்ற அளவில் கௌதாரி இறகு கிடைப்பது அரிது. அப்போது பெரிய இறகின் ஒரு பக்கத்திலிருந்து பன்னிரண்டு இழைகளை நுனிகள் சமமாக இருக்கும்படி கத்தரித்து, நுனிகள் காதைத் தாண்டி முன்னோக்கி நீளுமாறு முள்ளின் மேல் வைத்து, நூலைச் சற்றுத் தளர்வாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நூலை இறுக்கும்போது இழைகள் முள்ளைச் சுற்றித் தாமாகவே பரவும். உடலைக் கட்டி முடித்த பின் அவற்றைப் பின்னோக்கி மடக்கி, முன்னால் தலையைக் கட்டினால் அளவான ஹேக்கிள் கிடைத்துவிடும்.

அடுத்துக் கட்ட வேண்டியவை

இதே கைப்பழக்கத்தோடு இன்னும் சிலவற்றைக் கட்டலாம். ஊதாப் பட்டு உடலும் உள்ளான் சிறகின் சிறு கருஞ்சாம்பல் இறகும் சேர்ந்தது ‘ஸ்னைப் அண்ட் பர்ப்பிள்’. மஞ்சள் பட்டின் மேல் அகழெலியின் மென்மயிரை, நூலின் நிறம் மறையாத அளவுக்கு மிக மெல்லியதாகத் தூவித் திரித்து, தாழைக்கோழிச் சிறகின் அடிப்புறச் சாம்பல் இறகைச் சுற்றினால் ‘வாட்டர்ஹென் ப்ளோவா’. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சோடு இவை இரண்டையும் ஒரே கயிற்றில் மூன்றாகக் கட்டி வீசுவது யார்க்ஷயரில் பழகிப்போன வழக்கம். மயிரைத் திரிக்கும்போது, போதும் என்று தோன்றும் அளவில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடின்பரோ வழக்கறிஞர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-இல் விளக்கிய கருப்பு ஸ்பைடர் சற்று வேறானது. பழுப்புப் பட்டின் மேல் ஸ்டார்லிங்கின் சிறு கருமிளிர் இறகை, தலையில் மட்டும் அல்லாமல் உடலின் பாதி வரை சுருளாகப் படரவிடுவார்கள். இறகின் நரம்பை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுவதால் அது எளிதில் அறுவதில்லை.

நீரில்

யார்க்ஷயர் ஆறுகளில் பழுப்பு டிரவுட்டுக்கான பருவம் மார்ச் 25 முதல் செப்டம்பர் 30 வரை. ஆங்கிலேயர் காலத்தில் டிரவுட் கொண்டுவந்து விடப்பட்ட நீலகிரி, மூணாறு, இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதி ஓடைகளிலும் இவ்வகை ஃபிளைகள் பொருந்தும். எங்கே வீசுவதானாலும் உரிமச்சீட்டும் உரிய துறையின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

ஸ்டூவர்ட் வலியுறுத்தியது ஆற்றின் எதிர்த்திசையில், குறுகிய கயிற்றோடு வீசும் முறையை. மீன் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால் பின்னாலிருந்து வருபவர் அதன் கண்ணில் படுவதில்லை. ஃபிளையும் இயற்கையான பூச்சியைப் போல ஓட்டத்தோடு மிதந்து வரும். தொடக்கக்காரர்களுக்கு மற்றொரு முறை எளிது. ஓட்டத்துக்குக் குறுக்காக, சற்றுக் கீழ்நோக்கி வீசுங்கள். கயிறு ஓட்டத்தில் வில் போல வளைந்து ஃபிளையை வேகமாக இழுக்கத் தொடங்கினால், கோலின் நுனியால் கயிற்றைத் தூக்கி மேற்புறமாக மாற்றிப் போடுங்கள். ஃபிளை மெதுவாக ஒரு வளைவாகக் கடந்து உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் உடனே எடுத்துவிட வேண்டாம். சில நொடிகள் அங்கேயே விடுங்கள். ஓட்டத்தின் விசையால் ஃபிளை மேலெழும் அந்த நேரத்தில்தான் பல மீன்கள் கவ்வுகின்றன. கயிறு இறுகுவது தெரிந்தால் கோலை வெடுக்கென்று இழுக்காமல் சற்றே உயர்த்துங்கள். கீழ்நோக்கி வீசியிருக்கும்போது மீன் திரும்புகையில் முள் தானாகவே பதிந்துவிடும், அவசர இழுப்பு அதன் வாயிலிருந்து முள்ளைப் பறித்துவிடும்.

வீடு திரும்பியதும் நனைந்த ஃபிளைகளை மூடிய பெட்டிக்குள் போட்டுவைக்காதீர்கள். முள் துருப்பிடித்து அந்தத் துரு பட்டில் ஏறிவிடும். இழைகளைப் பின்னோக்கி நீவிவிட்டு, ஓர் இரவு திறந்த தட்டில் உலரவிட்ட பிறகு பெட்டியில் வையுங்கள்.